தினமும் அரை மணி நேரம் தள்ளி

மூன்றாவது மெமோவை மேலாளரே எனக்குப் படித்துக் காட்டினார். முதல் இரண்டையும் அவர்தான் படித்தார். கண் தெரியாத ஊழியருக்கு மெமோ கொடுப்பதில் இப்படி ஒரு தொல்லை இருக்கிறது. திட்டியவரே உட்கார்ந்து உரக்க வாசிக்கவும் வேண்டும். மனிதர் பாவம், "தங்களது பொறுப்பற்ற நடத்தை" என்ற இடத்தில் குரலைத் தணித்துக்கொண்டார்.

ஒன்பது மாடி அலுவலகம் ஒன்றில் நான் தொலைபேசி ஆபரேட்டர். வெளியிலிருந்து வரும் அழைப்புகளை உரிய மேசைக்குத் திருப்பிவிடுவது வேலை. எழுநூற்றுச் சொச்சம் இணைப்பு எண்கள் எனக்கு மனப்பாடம். விழித்திருந்தால் என்னைப் போல் ஆபரேட்டர் கிடையாது. சிக்கலே அந்த "விழித்திருந்தால்" என்பதில்தான். மெமோவுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகாலுக்கு இணைப்புப் பலகையின் மேல் விரலை வைத்தபடியே நான் தூங்கிவிட்டேன். அடுத்த இருபது நிமிடத்துக்கு வந்த அழைப்புகள் அத்தனையும் கேன்டீனுக்குப் போயின. கேன்டீன்காரர் நல்ல மனிதர். மூன்று பேரின் புகாரைப் பொறுமையாகக் கேட்டு, ஆவன செய்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். நான்காவதாக அழைத்தது தலைமை இயக்குநர்.

"உங்க வீட்டம்மாவுக்கும் பார்வை கிடையாதுல்ல?" என்றார் மேலாளர்.

"கிடையாது சார்."

"அவங்களும் வேலைக்குப் போறவங்கதானே? லேட்டாப் போறாங்களா, தூங்கி விழறாங்களா?"

"இல்ல சார். அவ டாண்ணு போவா."

"அப்ப இது கண்ணு சம்பந்தப்பட்டது இல்லைங்க. குணம் சம்பந்தப்பட்டது."

பதினோரு வருடமாக என் மனைவி சொல்வதும் இதையேதான். இவர் அதையே அலுவலகத் தாளில் டைப் அடித்திருந்தார், அவ்வளவுதான். கடைசியில் ஒரு தயவு காட்டினார்: தூக்க மருத்துவரைப் பார்த்துவிட்டு ஒரு கடிதத்தோடு வந்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் நான்காவது தாள் வேறு மாதிரி இருக்கும்.

என் தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஒன்றிரண்டு வாரம் நான் தங்கமான பிள்ளை. இரவு பத்து மணி வாக்கில் கண் சொக்கும், காலை ஆறுக்கு விழிப்பேன். பிறகு பத்து மணி பன்னிரண்டாகும், பன்னிரண்டு இரண்டாகும். ஒரு கட்டத்தில் ஊர் தூங்கும்போது நான் கொட்டக் கொட்ட விழித்திருப்பேன், பகல் பூராவும் யாரோ தலையில் ஈரச் சாக்கைப் போட்டு அமுக்குவது போல இருக்கும். இன்னும் சில வாரம் போனால் தானாகவே சரியாகிவிடும். இப்படிச் சுற்றிச் சுற்றி வரும். விட்டுவிட்டு வருவதால் இதை நோய் என்றும் சொல்ல முடியவில்லை. "ஒழுங்கா இருக்கணும்னு நினைச்சா இருக்க முடியுதுல்ல?" என்பாள் மனைவி. நான் நல்லபடியாக இருந்த வாரங்களே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

அவள் கதை வேறு. வழக்கறிஞர்களின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு டைப் அடிப்பவள். காலை ஐந்தரைக்கு அலாரம் இல்லாமல் எழுவாள். இரவு பத்துக்கு, பேசிக்கொண்டிருக்கும்போதே, வாக்கியத்தின் நடுவில் தூங்கிப்போவாள். முடிவு தெரியாத கதைகள் என்னிடம் நூற்றுக்கணக்கில் சேர்ந்திருக்கின்றன.

தூக்க மருத்துவர் இளம் குரல்காரி. எட்டு வாரம் தூங்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டு வரச் சொன்னார். குறிக்கும் முறையை நானே கண்டுபிடித்தேன். பிரெயில் எழுதும் சட்டத்தில் ஒரு வரி ஒரு நாள், ஒரு கட்டம் ஒரு மணி நேரம். தூங்கிய மணிக்கு ஊசியால் ஆறு புள்ளியும் குத்திக் கட்டத்தை நிரப்புவது, விழித்திருந்த மணியை வெறுமனே விடுவது. நான் சட்டத்தை எடுத்து உட்கார்ந்ததும் மனைவிக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"எனக்கும் ஒரு தாள் குடுங்க. ரெண்டையும் டாக்டர்கிட்ட வைங்க. யாரு சோம்பேறின்னு அந்தம்மாவே சொல்லட்டும்."

"உன் தாளை யார் கேட்டா?"

"சாட்சிக்குங்க. சாட்சி இல்லாம கேஸ் நிக்காது."

எட்டு வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு தாள்களையும் மேசையில் விரித்துத் தடவிப் பார்த்தோம். அவள் தாளில் மேலிருந்து கீழே விரலை இறக்கினால் மதில் சுவர் மாதிரி புள்ளிகள் நேராக இறங்கின. என் தாளில் புள்ளிகள் வலது பக்கம் நகர்ந்துகொண்டே போயின. இரண்டு நாளுக்கு ஒரு கட்டம், பிசகாமல், படிக்கட்டு போல. தாளின் விளிம்பைத் தொட்டு, இடது விளிம்பில் மறுபடி முளைத்து, ஏழு வாரத்தில் கிளம்பின இடத்துக்கே வந்து சேர்ந்திருந்தன.

மனைவி என் தாளை இரண்டு முறை தடவினாள். "சோம்பேறித்தனம்னா இவ்வளவு ஒழுங்கா இருக்குமா?" என்றாள் மெதுவாக. உடனே சுதாரித்துக்கொண்டு, "இதுலயாவது ஒழுங்கா இருக்கீங்களே" என்றாள்.

மறுநாள் திங்கட்கிழமை தாள்களோடு போனேன். மருத்துவருக்குப் பிரெயில் தெரியாது. என்றாலும் புள்ளிகளைக் கண்ணால் பார்த்ததும் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்துவிட்டார்.

"உங்க கண்ணு ரெண்டும்..."

"ரெண்டும் பிளாஸ்டிக் டாக்டர். நாலு வயசுல கட்டி வந்து எடுத்துட்டாங்க. ராத்திரி கழட்டிக் கழுவி வைப்பேன்."

"அதான் விஷயம்" என்றார். "எல்லாருக்கும் உடம்புக்குள்ள ஒரு கடிகாரம் ஓடுது. தூக்கம், பசி, உடம்புச் சூடு எல்லாம் அதுதான் பாத்துக்குது. ஆனா அது சரியா இருபத்து நாலு மணி நேரம் ஓடறதில்ல. நிறையப் பேருக்குக் கொஞ்சம் மெதுவா ஓடும். உங்களுக்கு இருபத்து நாலரை. தினம் காலைல வெளிச்சம் பட்டதும் அது தன்னைத் திருத்திக்கும். வெளிச்சம் உள்ள போற வழி கண்ணு மட்டும்தான்."

"அப்ப என்னோடது நாப்பது வருஷமா திருத்தாத கடிகாரமா?"

"ஆமா. தினமும் அரை மணி நேரம் தள்ளிப் போயிட்டே இருக்கீங்க. நீங்க சோம்பேறி இல்ல சார். வேற ஒரு நாள்ல வாழ்ந்துட்டு இருக்கீங்க."

என் தாளை மறுபடி ஒருமுறை மேலிருந்து கீழே தடவினேன். பெருமையாகச் சொல்லிக்கொள்ள இதில் ஒன்றும் இல்லைதான். என்றாலும் நாற்பது வருட வசவு ஒரு நிமிடத்தில் தள்ளுபடியானால் யாருக்கும் ஒருமுறை சரிபார்க்கத் தோன்றும். தடவிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டேன்.

"அப்ப என் மனைவி? அவளும் பிறவியிலேருந்து முழுக் குருடுதான். மூஞ்சிக்கு நேரா டார்ச் அடிச்சாலும் தெரியாது. அவளோடது எப்படி நேரா இறங்குது? வேலை, சாப்பாட்டு நேரம், அதனாலயா?"

"அதெல்லாம் கொஞ்சம் உதவும். ஆனா அதே வீடு, அதே சாப்பாட்டு நேரம் உங்களுக்கும் இருக்கு. உங்களோடது நிக்கலையே. அவங்களுக்குச் சொந்தக் கண்ணா?"

"சொந்தக் கண்ணுதான். விழித்திரைல கோளாறு."

"பார்வைக்கு வேற செல்லு, நேரம் சொல்றதுக்கு வேற செல்லு சார். சிலருக்குப் பார்வைச் செல் மொத்தமாப் போனாலும் இன்னொண்ணு வேலை செஞ்சிட்டு இருக்கும். அவங்களுக்கே தெரியாது. அந்தக் கண்ணால ஒண்ணையும் பார்க்க மாட்டாங்க. ஆனா மூளைக்குப் பொழுது விடிஞ்சது தெரியும்."

"டாக்டர், வர்ற வியாழக்கிழமை அவளுக்கு ரெண்டு கண்ணையும் எடுக்கப் போறாங்க."

இரண்டு வருடமாக அவள் கண்ணில் புதிதாக ஒரு கோளாறு. கருவிழி வீங்கி, நீர் வடிந்து, மணலைக் கொட்டித் தேய்த்தது போல வலி. இடது கண்ணில் அதிகம், வலதில் கொஞ்சம் குறைவு. உபயோகமில்லாத கண்ணை வைத்துக்கொண்டு எதற்கு வலியைச் சுமப்பது என்றார் அறுவை மருத்துவர். நாங்களும் அதைத்தான் சொன்னோம். சொல்லப்போனால் "இருந்து என்ன கிழிக்குது, எடுத்துத் தூரப் போடுங்க" என்று மருத்துவருக்கு முன்னால் சொன்னவன் நான்தான். கண்ணில்லாமல் நாற்பது வருடம் ஓட்டிய அனுபவசாலி அல்லவா.

தூக்க மருத்துவர், "முதல்ல அவங்ககிட்ட சொல்லுங்க. முடிவு அவங்களோடது. நான் அந்த டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதித் தர்றேன்" என்றார். என் மேலாளருக்கு ஒன்று, அவருக்கு ஒன்று, இரண்டு கடிதம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வந்தவன் சொல்லவில்லை.

மறந்துவிட்டேன் என்று எழுதலாம், எழுதினால் பொய். அன்று சாயங்காலம் அவள் கண்ணில் ஈரத்துணியை வைத்துக்கொண்டு, "இன்னும் மூணு நாள், அப்புறம் இந்தச் சனியன் இல்ல" என்று சந்தோஷமாகச் சொன்னாள். அந்தச் சந்தோஷத்தைக் கலைக்க மனம் வரவில்லை என்பது முதல் காரணம். இரண்டாவது காரணத்தை எழுதக் கை கூசுகிறது. எடுத்தால் எடுக்கட்டுமே என்று ஒரு நினைப்பு வந்தது. பதினோரு வருடமாக நான் தனியாகவே விழித்திருக்கிறேன். இவளும் நகர ஆரம்பித்தால் எனக்குத் துணையாகும். பகல் இரண்டு மணிக்குத் தலையில் ஈரச் சாக்கு விழுவது எப்படி இருக்கும் என்று இவளுக்கும் தெரியும். பிறகு யாரும் யாரையும் சோம்பேறி என்று சொல்ல முடியாது.

செவ்வாய்க்கிழமை முழுக்க அந்த நினைப்போடு பலகையின் முன் உட்கார்ந்திருந்தேன். மேலாளர் கடிதத்தைப் படித்துவிட்டு, "அப்ப இதுக்கு நாங்க என்னங்க பண்றது?" என்று மட்டும் கேட்டார். யோசிக்க நேரம் வேண்டும் என்றார். நானும் யோசித்துக்கொண்டிருந்தேன், மனக்கணக்காக. அவள் கடிகாரம் எனக்கு இருப்பது போல அரை மணிதான் பிந்தும் என்று யார் சொன்னது? இருபது நிமிடமாக இருந்தால்? இரண்டு பேரும் இரண்டு வேகத்தில் நகர்ந்தால், ஒரே நேரத்தில் தூங்கி ஒரே நேரத்தில் எழுவது ஐந்து மாதத்துக்கு ஒரு முறை அமையும். மற்ற நாளெல்லாம் ஒருவர் எழும்போது மற்றவர் படுப்போம். துணை என்று நான் ஆசைப்பட்ட லட்சணம் இதுதான். பொறாமையில்கூட எனக்குக் கணக்கு சரியாக வரவில்லை.

புதன்கிழமை காலை அவள் வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்தாள். என் சுழற்சியில் எனக்கு அது நடுப்பகல். முதல் நாள் இரவு முழுக்க விழித்தேதான் இருந்தேன். ஜன்னல் கதவைத் திறந்து, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் அங்கேயே நிற்பது அவள் வழக்கம்.

"அங்க என்ன பண்றே?"

"சும்மா நிக்கறேன். நல்லா இருக்கு."

"என்ன தெரியுது?"

"தெரிய என்ன இருக்கு? கண்ணு வலிதான் தெரியுது. ஆனாலும் நின்னாத்தான் நாள் தொடங்கின மாதிரி இருக்கு."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. எழுந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். செல், வெளிச்சம், படிக்கட்டு, சுவர், எல்லாம். டம்ளர் ஜன்னல் விளிம்பில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"இது எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"திங்கக்கிழமை."

"இன்னிக்கு என்ன கிழமை?"

"புதன்."

"நாளைக்கு எனக்கு ஆபரேஷன்."

"தெரியும்."

"ரெண்டு நாள் என்ன பண்ணீங்க?"

இரண்டாவது காரணத்தையும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருந்தால் இன்றைக்கு எனக்கு நல்ல பெயர்தான். அவள் ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு, "அண்ணனுக்குப் போன் போடுங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றாள். அதற்குமேல் என்னோடு பேசவில்லை.

மச்சான் டாக்சி ஓட்டுகிறவர். அந்த அறுவை மருத்துவரிடம் தேதி வாங்க ஐந்து மாதம் நடையாய் நடந்தவர். வண்டியில் ஏறியதிலிருந்து புலம்பல்தான்.

"ஏம்மா, தேதி கைவிட்டுப் போச்சுன்னா மறுபடி ஆறு மாசம்! மாப்ள, நீங்க சும்மா இருந்திருக்கக் கூடாதா?"

"ரெண்டு நாள் சும்மாதான் இருந்தாரு" என்றாள் அவள் பின்சீட்டிலிருந்து.

"இருந்தவரு இன்னொரு நாள் இருக்கக் கூடாதா?"

"வாய மூடிட்டு ரோட்டப் பாத்து ஓட்டுண்ணா. வண்டில ஒருத்தருக்காவது ரோடு தெரியணும்."

அறுவை மருத்துவர் கடிதத்தைப் படித்தார். தாளைத் திருப்பும் சத்தம் இரண்டு முறை கேட்டது.

"வெளிச்சம் தெரியுதான்னு நான் கேட்டேன். இல்லேன்னீங்க. தூக்கத்தப் பத்தி நான் கேக்கல" என்றார். ஒரு மருத்துவர் அப்படிச் சொன்னால் அது மன்னிப்புக்கு ரொம்பப் பக்கத்தில் வருகிற வாக்கியம். "இடதுல வலி தாங்க முடியாது, அது போய்த்தான் ஆகணும். வலதை விட்டு வைக்கலாம். சொட்டு மருந்து, மேல ஒரு லென்ஸ். ஆனா வலி முழுசாப் போகாதும்மா. அதோட, இந்த வேலையச் செய்யறது வலதா இடதான்னு இப்ப எனக்குத் தெரியாது. எடுத்தப்புறம்தான் தெரியும்."

"எடுத்தப்புறம் எவ்வளவு நாள்ல தெரியும்?"

"மூணு நாலு வாரம். நகர ஆரம்பிச்சா அதுக்குள்ள நல்லாத் தெரிஞ்சிடும்."

மச்சான் குறுக்கே புகுந்தார். "ரெண்டு வருஷமா அழுதியேம்மா. பாதி வலிய வச்சுக்கிட்டு..."

"வலிக்குச் சொட்டு மருந்து இருக்குண்ணா" என்றாள் அவள். "இவரு படறதுக்கு ஒண்ணும் இல்ல. பதினோரு வருஷமாப் பக்கத்துல படுத்திருக்கேன். நடுச் சாமத்துல சத்தம் வராம எழுந்து, சுவரப் புடிச்சுட்டு நடப்பாரு. நான் முழிச்சுடக் கூடாதுன்னு. காலைல ஷூவுல கால விடறதுக்கே பத்து நிமிஷம் உக்காந்திருப்பாரு. எனக்கு அது வேணாம். டாக்டர், வலது இருக்கட்டும்."

நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும் கேட்டேன்: "இவ்வளவும் தெரிஞ்சுதான் சோம்பேறின்னு சொன்னியா?"

"வேற என்ன சொல்றது? சோம்பேறின்னா என்னிக்காவது திருந்துவீங்கன்னு ஒரு நம்பிக்கை இருந்துச்சு."

வியாழக்கிழமை இடது கண் போயிற்று. ஒரு மாதம் லீவு. தூக்க மருத்துவர் அதை ஒரு பரீட்சையாக்கினார்: அலாரம் கூடாது, யாரும் எழுப்பக் கூடாது, வலி இருந்தாலும் காலையில் வெளிச்சத்தில் நிற்க வேண்டும், கறுப்புக் கண்ணாடி போடக் கூடாது. எனக்கும் தினம் இரவு ஒன்பதுக்கு ஒரு மாத்திரை எழுதித் தந்தார். அது பிடிக்கச் சில மாதம் ஆகலாம், பிடிக்காமலும் போகலாம் என்றார். மேலாளர் ஒருவழியாக யோசித்து முடித்து, மோசமான வாரங்களில் பிற்பகல் பணிக்கு என்னை மாற்றினார். கேன்டீன்காரர் வருத்தப்பட்டதாகக் கேள்வி.

எனக்கு வேறொரு வேலை இருந்தது: அவள் எழும் நேரத்தைக் கேட்பது. முதல் வாரம் ஐந்தரை, ஐந்தரை, ஐந்து நாற்பது. ஒன்பதாம் நாள் ஆறேகால். பத்தாம் நாள் ஏழு. திங்கட்கிழமை நினைத்த நினைப்பு பலித்துவிட்டது, நானே கூப்பிட்டு வரவழைத்துவிட்டேன் என்று தோன்றியது. பன்னிரண்டாம் நாள் எட்டாயிற்று.

"வலி மாத்திரை மயக்கமாவும் இருக்கலாம்" என்றார் தூக்க மருத்துவர் தொலைபேசியில். "ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். மாத்திரைய நிறுத்திப் பாருங்க."

நிறுத்தினாள். இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். நான் அவள் கையைப் பிடித்திருந்தேன். "கை நசுங்குது, விடுங்க" என்றாள். அதன்பிறகு எழும் நேரம் ஏழு, ஆறரை, ஆறு என்று இறங்கியது. சந்தோஷப்படவும் பயமாக இருந்தது. நாலு வாரம் முடியட்டும் என்றே இருந்தேன்.

இருபத்தெட்டாம் நாள். என் சுழற்சியில் அது ஆக மோசமான இடம். எப்படியாவது ஐந்தரை வரைக்கும் விழித்திருந்து என் காதால் கேட்டுவிட வேண்டும் என்று சுவரில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தேன். நாலு மணி அடித்தது கேட்டது. அப்புறம் எதுவும் கேட்கவில்லை.

விழித்தபோது தெருவில் பள்ளிக்கூட வண்டி போய்விட்ட அமைதி. எட்டு மணி தாண்டியிருக்கும். வீட்டில் சத்தமே இல்லை. அவள் எழுந்து நடமாடும் ஓசை இல்லை, தண்ணீர் சத்தம் இல்லை. இன்னும் தூங்குகிறாள், நகர்ந்துவிட்டாள் என்று நினைத்தேன். கையை நீட்டி அவள் பக்கத்தைத் தடவினேன்.

போர்வை மடித்திருந்தது. மெத்தை ஆறியிருந்தது. இப்போதுதான் எழுந்துபோன இடத்தில் கொஞ்சம் சூடு மிச்சம் இருக்கும். இது வெகுநேரம் முன்பே எழுந்துபோனவளின் குளிர்ச்சி. உள்ளங்கையை நன்றாக விரித்து அதன்மேல் வைத்தேன். தலையணையையும் தொட்டுப் பார்த்தேன். அதுவும் குளிர்ந்திருந்தது.

வாசல் கதவு திறந்தது. கடைக்குப் போய்விட்டு வந்திருக்கிறாள்.

"எப்ப எழுந்தே?"

"அஞ்சரைக்கு. நேத்து மாதிரிதான். ஏன், அழறீங்களா என்ன?"

"பிளாஸ்டிக் கண்ணுல ஏதோ தூசி."

"படுங்க. உங்களுக்கு இப்பத்தானே ராத்திரி" என்று ஜன்னல் கதவைச் சத்தம் வராமல் சாத்தினாள். நான் நகர்ந்து அவள் பக்கத்துக் குளிர்ச்சியில் முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டேன்.